மாஸ்டர் வாங்கிய சத்தமில்லாத வண்டி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. 'நாய்கள் எப்படிக் கற்கின்றன?' என்று எழுதித் தரச் சொன்னார் ஒரு பத்திரிகை ஆசிரியர். நாய் பழக்கும் ஒருவரைத் தேடிப் போனேன். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நாய்களைப் பற்றி வண்டி வண்டியாகப் பேசியவர், போகிற போக்கில் தன் புது வண்டியைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். கட்டுரை அங்கேயே மண்டையைப் போட்டது. (மீதியெல்லாம் என் கைச்சரக்கு. அவர் மேல் பழி போடாதீர்கள்.)

2
முதல் தொடக்கம்: அந்தி மயங்கும் வேளையில், இளந்தென்றல் மெல்ல...

வேண்டாம். தென்றலுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

இரண்டாவது: மாஸ்டர் விசில் ஊதுவார், பிஸ்கட் கொடுப்பார். கொஞ்ச நாளில் விசிலுக்கே நாய்க்கு எச்சில் ஊறும்.

"நாய் நம்ம வார்த்தையக் கேக்காது சார். வார்த்தைக்கு அப்புறம் என்ன வருதுன்னு பாக்கும். அடிச்சா அடங்கும், பழகாது."

வீட்டைப் பற்றியும் பெருமைதான். "நான் உள்ள போனா குண்டூசி விழுந்தா கேக்கும்."

3
அவருடைய பழைய பைக்கின் புகைக்குழாயில் ஓட்டை. தெருமுனையில் திரும்பும்போதே ஊரைக் கூட்டும். உடனே வீட்டில் டிவி அணையும். சோபாவில் நீட்டிய கால்கள் தரைக்கு வரும். மகள் கையில் புத்தகம் முளைக்கும். (தலைகீழாக என்று எழுத ஆசைதான். பெண் கெட்டிக்காரி.) நாய் கட்டிலுக்கடியில் போய்விடும்.*

ஒருநாள் பைக் நடுரோட்டில் உயிரை விட்டது. மாஸ்டர் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். அது பூனை மாதிரி வரும்.

* யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. குட்டியாக வந்த புதிதில், மகள் ஓடுவதைப் பார்த்துத் தானும் ஓடியது.

4
முதல் நாளே, வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே தன் குரலைக் கேட்டார்.

"யாரு பாத்ரூம் லைட்ட அணைக்கல? கரண்ட் பில்ல உங்க தாத்தாவா கட்டுறாரு?"

ஜன்னல் வழியே பார்த்தார். மகள், சட்டைக்குள் தலையணையைத் திணித்துத் தொந்தி வைத்திருந்தாள்.

"போதும்டி, வயிறு வலிக்குது!" என்றாள் மனைவி. "மூக்க உறிஞ்ச மறந்துட்டியே!"

மகள் உறிஞ்சினாள். நாயைப் பார்த்து விரலை நீட்டினாள். "உட்காருன்னா உட்காரணும்!"

நாய் வாலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தது. மாஸ்டர் சொன்னாலும் உட்காரும். வால் ஆடாது.

அவருக்குக் கோபம் தலைக்கேறி...

இல்லை, இந்த வரியை அடித்துவிடுகிறேன். ஏறப்போன கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. மனைவியின் சிரிப்பு முடியும் இடத்தில் ஒரு விக்கல் வந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த விக்கலை அவர் கேட்டதே இல்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. கதவைத் தள்ளினார்.

டிவி அணைந்தது. நாயைக் காணோம். தலையணை நழுவித் தரையில் விழுந்தது.

"என்னங்க... சத்தமே இல்லாம வந்துட்டீங்க?"

5
முடிவு, அ: கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறார். எழுதிப் பார்த்தேன். 'சார், நான் அப்படிப்பட்ட ஆளா?' என்று முறைத்தார். இல்லைதான்.

முடிவு, ஆ: மறுநாளே காது கிழியும் ஹாரன் ஒன்றை மாட்டிக்கொள்கிறார், தெருமுனையிலிருந்தே அடிக்க. அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று. (இதை எழுதியபோது எனக்கே தொண்டை அடைத்தது. அதனாலேயே கிழித்தேன்.)

முடிவு, இ: மிரண்ட நாய் இருக்கும் வீட்டுக்குப் போனால் மாஸ்டர் ஒன்று செய்வார். தரையில் உட்கார்ந்து, முதுகைக் காட்டி, நாய் தானாகக் கிட்டே வரும்வரை எதையும் பார்க்காமல் இருப்பார். அதையே செய்தார், ஹாலுக்கு நடுவில், சுவரைப் பார்த்தபடி.

"ஐயோ, நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏம்ப்பா தரையில?"

அவர் திரும்பவில்லை. "அந்த லைட்டு வசனத்த... இன்னொரு வாட்டி சொல்லு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது.

அவள் சொன்னாளா? நாம் இப்படி முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிச் சொல்வாள்? நான் திரும்பிக்கொள்கிறேன். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்கள்.