பத்தாவது ஸ்லைட்

கலஹா போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நஸ்லியா வெளியே பார்க்கவில்லை. மடியில் இருந்த கம்பியூட்டரையே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் பத்து ஸ்லைட் இருந்தன. ஏழு மாதத்துக்கு முன் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் அவள் காட்டியது ஒன்பதுதான்.

டெங்குவோடு உடம்பு எப்படிப் போராடுகிறது என்ற ஆய்வுக்கு அந்தத் தோட்டத்தில் நூற்றிருபது பேர் இரத்தம் கொடுத்திருந்தார்கள். எடுத்த இரத்தம் என்ன சொன்னது என்று கொடுத்தவர்களுக்குச் சொல்வது ஆய்வுகூடத்தில் வழக்கமில்லை. கட்டுரை வெளியானால் வேலை முடிந்தது. சொல்லியே ஆகவேண்டும் என்று மல்லுக்கு நின்றவள் நஸ்லியாதான். ஆளுக்கொரு அட்டை அச்சடித்தாள். முன்பு ஒருமுறை டெங்கு வந்து போனவர்களின் இரத்தத்தில் அந்தக் கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் பிறபொருளெதிரி இருக்கும். அந்தச் சொல் யார் வாயில் நுழையும்? அதனால் அவர்களுடைய அட்டையில் தடியோடு நிற்கும் ஒரு காவல்காரனை, தோட்டத்தில் வாச்சர் என்பார்களே அவரை, வரைந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. உங்கள் உடம்புக்குள் ஒரு வாச்சர் நிற்கிறார் என்று அவள் சொன்னதும் பெண்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். ஒன்பதாவது ஸ்லைட் முடிந்தபோது, கொழுந்து நிறுக்க நேரமாகிறது என்று கங்காணி வாசலில் நின்று கையைக் காட்டினார். பத்தாவதுக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அதில் இருந்தது கெட்ட செய்தி. சிரித்த முகங்களைக் கெடுக்க மனம் வராமல் கம்பியூட்டரை மூடிவிட்டாள். அதுதான் உண்மை. நேரம் போதவில்லை என்பது பிறகு தேடிக்கொண்ட சாக்கு. ஆராய்ச்சி மக்களிடம் போய்விட்டது என்று பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் படம் போட்டார்கள். படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் இரண்டாம் சுற்று இரத்தம் எடுக்கப் பட்டியலைப் பார்த்தபோது, நாற்பத்தேழாம் இலக்கத்துக்கு நேரே 'டெங்கு, மரணம்' என்று எழுதியிருந்தது. நிரோஷினி, பதினேழு வயது. அவளுக்குக் கொடுத்தது காவல்காரன் அட்டை.

"நீர் போய் என்னத்தைச் சொல்லப்போறீர், பிள்ளை?" என்றார் ஆய்வை நடத்தும் பேராசிரியர் தியாகராஜா. "சம்மதப் படிவத்தில எல்லாம் எழுதித்தானே கிடக்கு. போனா வில்லங்கம்தான்."

எழுதித்தான் இருந்தது. நான்காம் பக்கத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில். பேராசிரியர் கெட்டவர் அல்ல. முப்பது வருடம் படிவங்களோடு குடும்பம் நடத்தியவர், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் நிரோஷினியின் அம்மா இராஜகுமாரி லயத்து வீட்டில்தான் இருந்தாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். பிளேன்டீ கொண்டுவந்தாள். சுவரில் மகளின் படம் மாலையோடு இருந்தது. படச்சட்டத்தின் மூலையில் அந்த அட்டையைச் செருகியிருந்தார்கள்.

"லேட்டானாலும் வந்தீங்களே மிஸ். கேம்பஸ்ல இருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கலன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு."

துக்கம் விசாரிக்க வந்திருப்பதாக அவள் நினைத்துவிட்டாள். நஸ்லியா தேநீரைக் கீழே வைத்தாள்.

"மூணு நாளு காய்ச்சல். நாலாவது நாளு விட்டுருச்சு. நம்ம வாச்சர் வெரட்டிட்டாரும்மான்னு சிரிச்சா. நானும் நம்பி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிட்டேன். பின்னேரம் வந்து பாத்தா கையி காலெல்லாம் சில்லுன்னு கெடந்தா." இராஜகுமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பெத்தவ கவனிக்கலன்னு லயமே பேசுது. அவங்க அப்பா எங்கூடப் பேசுறதையே விட்டுட்டாரு."

இந்த இடத்தில் எழுந்து, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. அந்த எண்ணம் வந்ததே நஸ்லியாவுக்கு அருவருப்பாக இருந்தது.

"அக்கா, பிழை உங்கட இல்ல. என்ட," என்றாள். "டெங்குவில நாலு வகை ஈக்கிது. ஒரு வகைய வெரட்டின வாச்சர், வேற வகை வந்தா ஏமாந்துடுவார். அவரே கதவத் தொறந்து உள்ளுக்கு எடுத்துடுவார். அதனால ரெண்டாந்தரம் வந்தா மோசமாகலாம். காய்ச்சல் விட்ட பொறகுதான் கூடப் பயம். அத நான் அன்டைக்கி சொல்லாம உட்டுட்டேன்."

கம்பியூட்டரைத் திறந்து பத்தாவது ஸ்லைட்டைக் காட்டினாள். இராஜகுமாரி விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

"இது அன்னைக்கே இருந்திச்சா?"

"இருந்திச்சி."

"இதே பொட்டியிலயா?"

"ஓ, இதுலதான்."

ஏசுவாள், வெளியே போ என்பாள் என்று நஸ்லியா காத்திருந்தாள். அப்படி ஏதாவது நடந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். இராஜகுமாரி எழுந்து, அலுமாரியிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து வந்தாள். அதிலும் அதே காவல்காரன்.

"சின்னவளோடது. தாயத்து மாதிரி பத்திரமா வச்சிருந்தேன். இதுல எழுதுங்க மிஸ். வெளங்குற மாதிரி பெருசா எழுதுங்க."

நஸ்லியா எழுதினாள். காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போகவும். காய்ச்சல் விட்டாலும் ஆபத்து போகவில்லை.

இராஜகுமாரி அதை வாங்கி வாசித்துப் பார்த்தாள். பிறகு சுவரருகே போய், மாலை அசையாமல் மகளின் அட்டையை உருவிக்கொண்டு வந்து நஸ்லியா முன்னால் வைத்தாள்.

"இதுலயும் எழுதுங்க. கீழ உங்க பேரையும் போடுங்க. இத அன்னைக்கு நமக்குச் சொல்லலன்னு அவங்க அப்பா வந்து படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."

நஸ்லியா அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். காவல்காரனின் காலுக்குக் கீழே, அந்த இரண்டு வரிக்கும் இடம் தாராளமாக இருந்தது.