மாடிப்படித் திருப்பம்

அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டி லிஃப்டுக்குள் போகாது என்று தெரிந்த பிறகும் மாமா இன்னொரு முறை லிஃப்ட் வாசலை முழம் போட்டுப் பார்த்தார்.

"நிக்க வெச்சா போகும்," என்றார் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன்.

"மனுஷன் காலம் பூரா பஸ்ல நின்னுக்கிட்டே போனார்யா. இன்னிக்காவது படுத்துக்கிட்டுப் போகட்டும்," என்றார் மாமா.

சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு அது கேட்டது. நோயில் கிடந்த அப்பாவுக்காக ராத்திரியெல்லாம் கண்விழித்துக் கண்விழித்து, சிரிக்கவோ அழவோ அவளிடம் தெம்பு மிச்சமில்லை. தம்பி பக்கத்தில் நின்று டம்ளர்களைத் துடைத்தான். காலையில் வந்து இறங்கியவன், சீருடையைப் பைக்கு அடியில் சுருட்டித் திணித்திருந்தான்.

"நான் திரும்பிப் போகலக்கா."

அவன் கல்லூரியில் காலையில் கட்டுமானப் பொறியியல், மாலையில் அணிவகுப்பு மைதானம். பட்டமும் ராணுவ அதிகாரிப் பதவியும் சேர்ந்தே வரும். ஒன்றில் தோற்றால் இரண்டும் இல்லை. பாடத்தில் கெட்டிக்காரன். ஆணையிடும் தேர்வில்தான் தோற்றுக்கொண்டிருந்தான். ஆணை என்பது வெறும் கத்தல் இல்லை. முன்பாதி நீண்டு வரவேண்டும். அதைக் கேட்டு எதிரில் நிற்கிற உடம்புகள் தயாராகும். பிறகு ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் ஒரே வெட்டாகக் கடைசிச் சொல். அந்த இடைவெளிதான் நூறு கால்களை ஒரே காலாக்குகிறது. தம்பி அந்த இடைவெளியில்தான் பயந்துபோவான். கடைசிச் சொல் தொண்டையிலேயே தங்கிவிடும்.

"அணிவகுப்பு வாத்தியார் என்னைப் பூனைக்குட்டின்னுதான் கூப்பிடறார். இன்னும் ஒரே வாய்ப்பு. அவங்க வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி நானே வந்துடறேன்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"போன்ல அவருக்கே குரல் வரல. நான் என்னத்தச் சொல்றது?"

அப்பா பஸ் கண்டக்டர். வேலை முடிந்து தெருவில் நின்று குரல் கொடுத்தால் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். "வந்தாச்சூ... கதவு!" அம்மா "இதோ" என்று எழுந்து போவாள். நுரையீரல் படுத்த பிறகு, கரண்டியால் டம்ளரைத் தட்டித்தான் கூப்பிட்டார்.

"ஜெனரல் சார், வாங்க, தூக்கலாம்," என்றார் மாமா.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு போனான். "கால் பக்கம் முன்னால போகட்டும் மாமா. படியில சாயும்போது கனமெல்லாம் கீழ்ப்பக்கம் இறங்கும். கீழ இருக்கறவங்க தோள்ல வாங்கணும், மேல இருக்கறவங்க இடுப்போட நிறுத்தணும்."

"இதுக்கெல்லாமாடா காலேஜ் வெச்சிருக்காங்க?" என்றாலும், மாமா சொன்னபடி பிடித்தார். தம்பி கீழ்முனைக்குப் போனான்.

திருப்பம் வரை சரியாகவே போயிற்று. அங்கே இடம் குறுகல். கைப்பிடிக் கம்பிக்கு மேலே உயர்த்தினால்தான் பெட்டி திரும்பும். எலக்ட்ரீஷியன் "தூக்கு" என்றார். மாமா "இரு, இரு" என்றார். அவரவர் அவசரத்துக்கு அவரவர் தூக்க, பெட்டி ஒருபக்கம் சரிந்தது. உள்ளே அப்பா நகர்ந்து பலகையில் இடிக்கும் சத்தம். டம்ளர்களை விட்டு வந்து மேல்படியில் நின்றிருந்தவள் கம்பியை இறுகப் பற்றினாள்.

"எல்லாரூம்... நில்!" கீழ்முனையிலிருந்து தம்பியின் குரல்.

எல்லாரும் நின்றார்கள்.

"கம்பிக்கு மேலே... தூக்கு!"

தளும்பத் தளும்ப நீர் நிறைந்த தாம்பாளத்தைத் தூக்குவதுபோல் பெட்டி சமமாக எழுந்தது.

அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இதோ," என்றாள். வாசல்வரை வந்து தாழ்ப்பாளைத் தேடிக் கை நீட்டினாள். கதவு திறந்துதான் இருந்தது.

தம்பி அண்ணாந்து பார்த்தான். பிறகு பெட்டி திரும்பி, கீழே இறங்கிப் போயிற்று.

சாயங்காலம், வந்தவர்கள் போன பிறகு, குளியலறையில் துணி அலசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பால்கனிக் கொடியில் சீருடைச் சட்டை தொங்கியது. தம்பி தரையிலேயே தூங்கிப் போயிருந்தான்.

சட்டை முழுக்கக் காய்ந்துவிட்டால் மடிப்பு நிற்காது. லேசாக ஈரம் இருக்கும்போதே தேய்க்கவேண்டும். அவள் இஸ்திரிப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சொட்டுவது நிற்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.