தையல் பிரித்த நாவல்

1

இந்தக் கதை ஒரு கத்திரிக்கோலில் பிறந்தது. தப்பு. அதைத் தொட விடாததில் பிறந்தது.

போர் முடிந்து வீடு திரும்பிய இளைஞர்களைப் பற்றிய பழைய நாவல் அது. படிக்க மூன்று பேர், பிரதி ஒன்று. "துணி வெட்டுற கத்திரி காகிதத்தைத் தொடக் கூடாது" என்ற தையல்கார அக்கா, ஊசியால் நாவலின் முதுகுத் தையலையே பிரித்து மூன்று பாகமாக்கிவிட்டாள். முதல் பாகம் அவளுக்கு. நடுப்பாகம் பேருந்து ஓட்டும் தோழிக்கு. கடைசிப் பாகம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தன் தம்பிக்கு. படித்துவிட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஒருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

(முதலில் ‘மழை பெய்துகொண்டிருந்தது’ என்று ஆரம்பித்தேன். மழைக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடித்துவிட்டேன்.)

2

தம்பிதான் கதாநாயகன். போன வாரம் ஓட்டுநருக்குக் கண் சோதித்தான். கனத்த சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றி, "இது தெளிவா? இது?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், அதே மூச்சில் "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றும் கேட்டுத் தொலைத்தான்.

"முதல்ல நாவலைப் பேசி முடிப்போம். அதுல ஒருத்தரையொருத்தர் விரும்புற அந்த ரெண்டு பேரும் என்ன ஆகுறாங்கன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் அவள்.

கடைசிப் பாகம் இவனிடம். அதில் அந்த இருவரும் ரயில் மேடையில் வானிலையைப் பற்றிப் பேசுகிறார்கள். பிறகு பிரிந்துவிடுகிறார்கள்.

[இந்த இடத்தில் அவன் அந்தப் பக்கங்களை அடுப்பில்... வேண்டாம். புத்தகத்தை எரிக்கிறவன் என் கதாநாயகன் இல்லை.]

3

கடையைச் சாத்திவிட்டு மூவரும் உட்கார்ந்தார்கள்.

"கலகலப்பான பசங்கப்பா! எந்நேரமும் குடி, ஆட்டம். இதைப் போயா அழுமூஞ்சி நாவல்னாங்க?" என்றாள் அக்கா.

"அக்கா, என் பாகத்துலயும் அதே ஆட்டம்தான். ஆனா ஒருத்தருக்கும் தூக்கம் வரல. போர்ல பார்த்ததை யார்கிட்டயும் சொல்லத் தெரியாம சுத்துறாங்க" என்ற ஓட்டுநர், அவன் பக்கம் திரும்பினாள். "சரி, கடைசில சேர்றாங்களா?"

அவனைப் பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன். ‘சேர்ந்து, பிள்ளைகுட்டியோட’ என்பதற்குள் காது சிவந்துவிட்டது. ஆள் அதற்கு லாயக்கில்லை.

"சேரல. ரெண்டு பேருக்கும் ஆசைதான். ஒருத்தரும் வாயைத் திறக்கல. மேகம் கறுக்குதேன்னு பேசிட்டு ஆளுக்கொரு ரயில் ஏறிட்டாங்க."

"போச்சுடா! வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஓட்டுநர் சிரித்துவிட்டாள். "அவங்க சேர்ந்தாத்தான் சரின்னு நான் சொல்லவே இல்லையே! நீங்க கேட்டப்போ அந்தச் சட்டத்துல உங்க முகம் ரெண்டாத் தெரிஞ்சுது. எந்த ஆளுக்குப் பதில் சொல்றதுன்னு முழிச்சேன்."

"இப்போ?"

அவள் புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவனை நிதானமாகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

4

இங்கே ‘தொடரும்’ போட்டுத் தப்பித்துவிடுவது என் வழக்கம். பத்திரிகை ஆசிரியரோ ஒரே இதழ்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஒத்திகையாக எழுதிய முடிவுகள் இரண்டு: அவள் ‘ஆகட்டும்’ என்கிறாள். அவள் ‘யோசிக்க...’

இரண்டையும் அடித்துவிட்டேன். நாவலைத்தான் மூன்று பேர் பங்கு போட்டார்களே, இந்தக் கதையில் கடைசிப் பாகம் உங்களுடையது. அவள் வாய் திறந்தபடி காத்திருக்கிறாள். அவன் மூச்சை விடவில்லை. எதை வேண்டுமானாலும் சொல்ல வையுங்கள். தயவுசெய்து வானிலையைப் பற்றி மட்டும் வேண்டாம்.