மைக் அக்காவின் பல்செட்டு

என் தம்பி பெண்டாட்டிக்கு அவள் வேலை பார்த்த இடத்தில் பெயர் கிடையாது, எண்தான். பதினேழு. பெரிய நகரத்தில், ஐந்தாவது மாடியில், நாற்பது மேஜை போட்ட ஒரு பல் லேப். அதில் பதினேழாவது மேஜை அவளுடையது. பல் போனவர்களின் வாயை டாக்டர்கள் அச்செடுத்து, மாவுக் கட்டியாக வார்த்து அங்கே அனுப்புவார்கள். இவள் அந்தக் கட்டியைப் பார்த்து மெழுகில் பல் அடுக்கி, செட்டாகச் செய்து, பஞ்சு சுற்றிப் பார்சலில் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருஷம். எத்தனையோ ஆயிரம் பேர் இவள் செய்த பல்லால் மென்று தின்றிருப்பார்கள் கண்ணுகளா, ஒருத்தர் முகத்தைக்கூட இவள் பார்த்ததில்லை. கட்டிக்கு அடியில் பென்சிலால் எழுதிய எண்தான் இவளுக்குத் தெரிந்த ஆள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மனுஷர் வந்தால் பேசுவார்கள், கட்டி பேசாது, வேலை ஓடும் என்பாள்.

அப்போதுதான் என் தம்பிக்கு ஒரு சின்ன நகரத்தில், தண்ணீர் நிலையத்தில் மோட்டார் பார்க்கும் வேலை கிடைத்தது. பெரிய நகரத்தில் வேலைக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் ரயிலில் நின்றே அவன் காலெல்லாம் கட்டையாகியிருந்தது. போகலாம் என்றான் அவன். இவளுக்கு மனசே இல்லை. கடைசியில் ஆறு மாதம் பார்ப்பது என்று ஒப்பந்தம். லேப் சூப்பர்வைசரும் நல்ல மனுஷர். அதுவரை பதினேழாவது மேஜையைத் துணி போட்டு மூடி வைப்பதாகச் சொல்லி அனுப்பினார். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத அக்கா நான்; அவர்கள் எங்கேயோ அங்கேதான் என் பெட்டியும்.

வந்ததிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் தினமும் ஊர் வழக்கு. தம்பி ஒரு கட்சி. இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிறது, வேலைக்குப் பத்து நிமிஷ நடை, குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருகிறது என்பான். குழாயில் தண்ணீர் விடுகிறவனே அவன்தான், அந்தச் சாட்சி செல்லாது என்பாள் இவள். இவளும் சும்மா விடமாட்டாள். செட்டில் அடுக்கும் பல் பெட்டியைக் கேட்டால் பஸ்ஸில் வந்து சேர நாலு நாள். கண் டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் எட்டிப்பார்க்கிறார். ஒரு கடையில் தும்மினால் மூன்றாவது கடைக்காரர் ஜுரம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். இரண்டு பேருக்கும் சோறு போடுகிறவள் நான். தீர்ப்புச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்வேனா?

இந்த ஊர்ப் பல் டாக்டரம்மாவின் பின்னறையில் இவளுக்கு வேலை கிடைத்தது. ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு கொதிகலம். முன்னறையில் யார் வந்தாலும் இவள் எட்டிப்பார்ப்பதில்லை. டாக்டரம்மா கட்டியை உள்ளே கொடுப்பார், இவள் செட்டை வெளியே கொடுப்பாள்.

ஐந்தாவது மாதம், ஒரு திங்கட்கிழமை, சூப்பர்வைசர் போன் செய்தார். செட்டுப் பிரிவுக்கே தலைமையாக வரச்சொன்னார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். இவள் முகத்தில் விளக்கேற்றினாற்போல் ஆகிவிட்டது. தம்பி எழுந்து போய், நன்றாக இருந்த ஜன்னல் கொக்கியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

மறுநாள் பல் பெட்டி வருகிறது என்று அவளும் நானும் பஸ் நிலையத்துக்குப் போனோம். அந்த நிலையத்தில் எந்த வண்டி எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவளை ஊரே மைக் அக்கா என்றுதான் கூப்பிடும். முப்பது வருஷமாக அவள் குரலைக் கேட்டுத்தான் இந்த ஊர் ஓடி ஏறியிருக்கிறது. அந்த அக்காவுக்கு மேல்வரிசைப் பல் முழுக்கப் போய், பத்து நாள் முன்புதான் புதுச் செட்டு வைத்திருந்தார்கள். செய்தது இவள்தான்.

பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒலிபெருக்கி பேசியது. பத்து நாற்பதுக்குப் புறப்படும் பஸ் என்று சொல்ல வந்தாள் அக்கா. பஸ் என்ற இடத்தில் ஒரு சீழ்க்கை கிளம்பியது பாருங்கள், கூரையில் இருந்த புறா பறந்துவிட்டது. அவள் வேலையில் அந்தச் சொல்லைத் தவிர்க்கவும் முடியாதே. உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற டிரைவர் ஒருவர், "கண்டக்டருக்கு வேலை மிச்சம். விசிலை மைக்கே ஊதிடுது" என்றார்.

இவள் நின்றுவிட்டாள்.

"அண்ணி, அது என் செட்டு."

வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நான் போயிடறேன் அண்ணி. அங்க தப்பு பண்ணினா ஒரு சீட்டு வரும், 'மறுபடி செய்'னு. அவ்வளவுதான். இங்க மைக்குல போடறாங்க."

தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன்.

புதன்கிழமை மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது முன்னறையில் மைக் அக்கா உட்கார்ந்திருந்தாள். நாக்கு பழக ஒரு மாதம் ஆகும் என்று டாக்டரம்மா சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஒரு மாதம் இல்லை. நிலைய அதிகாரி, திங்கள் முதல் பதிவு செய்த குரலைப் போட்டுக்கொள்வதாகவும், அவளைச் சாமான் அறைக்கு மாற்றுவதாகவும் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போதும் அவள் யார்மேலும் குறை சொல்லவில்லை.

"என் நாக்குதான் சோம்பேறி போலிருக்கு டாக்டரம்மா. செட்டு என்னமோ அவ்ளோ அழகு. வாயைத் திறக்காம கண்ணாடி முன்னாடி நின்னா ராணி மாதிரிதான் இருக்கேன்."

பின்னறையில் அரம் தேய்க்கும் சத்தம் நின்றது. கதவு திறந்தது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக இவள் முன்னறைக்கு வந்தாள், கையெல்லாம் வெள்ளை மாவோடு.

"உங்க நாக்கு நல்லாத்தான் இருக்கு. அடுத்த பஸ் எப்போ?"

"மூணு அஞ்சுக்கு."

"நானும் வரேன்."

அரம், உப்புத்தாள், ஒரு பவுடர் டப்பா. பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அறிவிப்பு அறை என்பது ஒரு கண்ணாடிக் கூண்டு. இரண்டு நாற்காலி, கழுத்து வளைந்த ஒரு மைக், சுவர் முழுக்க ஒட்டிய கால அட்டவணை. மூன்றாவது ஆளாக நான் கதவில் சாய்ந்து நின்றேன். இவள் செட்டின் உள்பக்கம், அண்ணத்தில் படுகிற இடத்தில், லேசாகப் பவுடர் தூவினாள். அதை அக்காவின் வாயில் வைத்து, பஸ் என்று ஒரே ஒருமுறை சொல்லச் சொன்னாள். உடனே கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். நாக்கு பட்ட இடமெல்லாம் பவுடர் துடைபட்டிருந்தது. முன்பல்லுக்குப் பின்னால், நடுவில் மட்டும் ஒரு நூல் கனத்துக்கு வெள்ளைக் கோடு மிச்சம்.

காற்றுப் போக அவ்வளவுதான் வழி. புல்லாங்குழல் துளையை விடக் குறுகல். அப்புறம் ஊதாமல் என்ன செய்யும்?

அந்த இடத்தை விரல் நடுவே பிடித்துக் கனம் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பார்சல் கனம்" என்றாள்.

அப்புறம் அவள் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. அந்த லேபில் செய்யும் செட்டெல்லாம் பார்சலில் ஊர் ஊராகப் போகும். போகிற வழியில் விரிசல் விடாமல் இருக்க, முன்பல்லுக்குப் பின்னால் ஒரு சுற்றுக் கூடுதலாகக் கனம் வைப்பது நாற்பது மேஜைக்கும் சட்டம். இருபத்திரண்டு வருஷத்தில் அது அவள் விரலிலேயே ஏறிவிட்டது. இங்கே செட்டு போகும் தூரம் பின்னறையிலிருந்து முன்னறைக்கு, பன்னிரண்டு எட்டு நடை. அந்தப் பன்னிரண்டு எட்டுக்கும் பார்சல் கனம் போட்டிருந்தது அவள் கை. அங்கே எத்தனை பேர் விசிலடித்துக்கொண்டு திரிகிறார்களோ, அவள் கேட்டதே இல்லையே.

ராவ ஆரம்பித்தாள். கொஞ்சம் கூடினால் ஓட்டை விழும், குறைந்தால் ஊதும். மூன்று ஐந்து வண்டிக்கு விசில் பாதியானது. மூன்று நாற்பதுக்கு, அழுது ஓயும் குழந்தையின் விசும்பல் மாதிரி ஒரு சின்ன சத்தம். நாலே கால் வண்டிக்கு மறுபடி கூடிவிட்டது. ஓரத்தில் ஒரு மேடு நின்றுவிட்டதாம். வெளியே காத்திருந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு இதையே கேட்க ஆரம்பித்தார்கள். இவள் நெற்றி வியர்வையில் மாவு கோடு கோடாக வழிந்தது. அவள் கை மட்டும் நிற்கவில்லை கண்ணுகளா, அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தலை நிமிர்கிறது.

ஐந்து இருபதுக்கு அக்கா சுவிட்சை அழுத்தினாள். பஸ் என்றாள். பஸ் என்று மட்டும்தான் கேட்டது. மூன்று ஊர் பெயர், நடைமேடை எண், எல்லாம் உடைத்துப் போட்ட தேங்காய் மாதிரி வெள்ளையாக வந்து விழுந்தது.

சுவிட்சை அணைக்க மறந்து அக்கா இவள் பக்கம் திரும்பினாள். "சரியாயிடுச்சும்மா. உன் கையைக் குடு, கண்ணுல ஒத்திக்கறேன்."

நிலையம் முழுக்கக் கேட்டுவிட்டது. இவள் வெட்கத்தில் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். நேற்றைய டிரைவர் கண்ணாடியைத் தட்டி, "விசிலை எங்கே ஒளிச்சு வெச்சேக்கா? இப்பத்தான் காதுக்குப் பழகிச்சு" என்றார். பார்த்துக்கொண்டே நின்ற அதிகாரி பதிவுக் குரலைப் பற்றி அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவளே சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். முதலில், அந்தக் கனத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றாள். பார்சலில் உடையுமே என்றாராம் அவர். அப்படியானால் பெட்டியைக் கெட்டியாகச் செய்யுங்கள், பல்லை ஏன் கெட்டியாகச் செய்கிறீர்கள் என்று கேட்டாள். தலைமை வேலைக்குப் பதினெட்டாவது மேஜைக்காரியைக் கைகாட்டினாள். அவர் விடவில்லை போலிருக்கிறது. அந்தச் சின்ன ஊரில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

"இங்க என் தப்பு ஊருக்கே கேக்குது சார்" என்றாள். "அதனாலதான்."

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

கண் டாக்டர் இன்னமும் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறார். பல் பெட்டிக்கு இன்னமும் நாலு நாள். அதைப் பற்றி அவள் திட்டாத வாரமில்லை. ஆனால் அவள் பின்னறையில் இப்போது இரண்டாவதாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. செட்டு வைக்க வருகிறவர்களை அதில் உட்கார வைத்து, அரைகுறை மெழுகுச் செட்டை வாயில் மாட்டி, ஒரு பக்கம் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறாள். இவள் எதிரில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். போன வாரம் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வானிலை அறிக்கையில் ஆரம்பித்து, நிறுத்தாமல் கடைசிப் பக்கம் வரை போய்விட்டார். நான் சாப்பாட்டுக் கூடையோடு வாசலிலேயே நின்றேன். போதும் என்று அவள் சொல்லவே இல்லை.