அண்ணன் சொல்ல வேண்டிய ஆமென்

எங்கள் வீட்டில் ஆமென் சொல்வது அண்ணனுடைய வேலை. சாயங்காலம் அப்பா ஜெபம் செய்வார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அடுப்பில் இருப்பதைப் பற்றிக் கவலைப்படுவாள். கடைசியில் அண்ணன் ஆமென் என்பான். அதன்பிறகுதான் தட்டில் கை வைக்கலாம். வேறு யார் சொன்னாலும் அது செல்லாது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அண்ணனுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்ததாம். அவன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஊர் வம்பு பேசிக்கொண்டிருக்க, இவன் அம்மா என்றுகூடச் சொல்லாமல் உம்மென்று உட்கார்ந்திருப்பானாம். ஒரு நாள் ஜெபம் முடிகிற நேரத்தில் பளிச்சென்று ஆமென் என்றானாம். அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை. அப்பா அழுதுவிட்டாராம். அன்றிலிருந்து வீட்டு ஆமென் அவனுக்கு என்று ஆகிவிட்டது.

நான் பிறந்தபோது பங்கு பிரித்து முடித்திருந்தார்கள். "எனக்கு என்ன வேலை?" என்று சின்ன வயதில் ஒருமுறை சண்டை போட்டேன். "எல்லாரும் கண்ண மூடியிருக்காங்களான்னு நீ பாத்துக்கோ," என்றார் அப்பா. நான் கண்ணைத் திறந்து வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கீழே லாண்டரி, மேலே வீடு. பாய்லர் ஓடுகிற வரை எங்கள் தரை வெதுவெதுப்பாக இருக்கும். குளிர் நாட்களில் நானும் அண்ணனும் பாய்லருக்கு நேர் மேலே இருக்கிற மூலைக்கு அடித்துக்கொள்வோம். சோப்பு வாசனையும் சூடான பருத்தித் துணி வாசனையும் எங்கள் தலைமுடியிலேயே குடியிருந்தன. இப்போதும் எங்காவது இஸ்திரிப் பெட்டி சூடாகிற வாசனை வந்தால் எனக்குப் பசிக்கிறது. அந்த வாசனைக்குப் பின்னால் ஜெபம், ஜெபத்துக்குப் பின்னால் சாப்பாடு என்று வயிறு பழகிவிட்டது.

அப்பாவுக்குக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் துணியை வாங்கி டோக்கன் கொடுத்ததும் மேசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அடுத்தவர் வரலாம் என்று அர்த்தம். வீட்டிலும் அதேதான். குளியலறையிலிருந்து அவர் வெளியே வந்தால் கதவில் இரண்டு தட்டு. ஒரே வாழைப்பழத்துக்கு நாங்கள் அடித்துக்கொண்டால், யாருடைய முறையோ அவர்கள் முன்னால் இரண்டு தட்டு. வாயைத் திறந்து தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

வாயை அவர் ஜெபத்துக்கென்று சேர்த்து வைத்திருந்தார் போலும். ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். "ஆண்டவரே, அந்த டாக்டரம்மா கோட்டுல இருக்கிற கறை போக வழி காட்டும். ரெண்டாவது பாய்லர் வால்வு இன்னும் ஒரு மாசமாவது தாங்கட்டும்." பக்கத்துக் கடைக்காரர் முதல், துணியைக் கொடுத்துவிட்டு மறந்து போனவர்கள் வரை எல்லோரும் அதில் வருவார்கள். அண்ணன் பொறுமையாகக் காத்திருந்து, சரியான இடத்தில் ஆமென் வைப்பான். சபையிலும் அவனுக்கு அந்த வாய் சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் நீண்ட ஜெபத்தின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, இவன் முடிந்துவிட்டது என்று நினைத்து உரக்க ஆமென் சொல்லிவிட்டான். சபை முழுவதும் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. பாஸ்டர் மட்டும் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு தெருவே அவனை ஆமென் என்றுதான் கூப்பிட்டது.

அவனும் வளர்ந்தான், கடையில் ஸ்டீம் பிரஸ் அவன் கைக்கு வந்தது. கடையின் பாதி வேலை ஒரு பெரிய ஹோட்டலுடையது. படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக வரும். ஒரு நாள் அந்த ஹோட்டல் சொந்தமாக மெஷின் வாங்கிவிட்டது. மூட்டைகள் நின்றன. ஒரு பாய்லரை அணைத்தோம். வீட்டில் பாதித் தரை குளிர்ந்துபோனது.

கடையை விற்றுவிட்டு எல்லோரும் வேறு ஊருக்குப் போய்விடலாம், அங்கே ஒரு தொழிற்சாலையில் பேசி வைத்திருக்கிறேன் என்றான் அண்ணன். கொஞ்சம் பொறுப்போம் என்றார் அப்பா. அவன் மறுபடி சொன்னான், அவர் மறுபடி பொறுப்போம் என்றார். இருவரும் நல்லவர்கள், அதனால் சண்டை கத்தலில்லாமல் உள்ளுக்குள்ளேயே புகைந்தது. அந்த மாதிரிச் சண்டைதான் மோசம்.

ஒரு சாயங்காலம் அப்பா ஜெபத்தில் சொன்னார்: "அந்த ஹோட்டல்காரங்களையும் அவங்க புது மெஷினையும் ஆசீர்வதியும்." சொல்லிவிட்டு நிறுத்தினார். ஆமென் வரவில்லை. நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். அண்ணன் முகம் சிவந்திருந்தது.

"இதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன்பா," என்றான். "மனசுல இல்லாதத ஜெபத்துல சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

அண்ணன் எழுந்து கீழே போய்விட்டான். மறுநாள் காலையில் ஒரு பையோடு அந்தத் தொழிற்சாலை ஊருக்குக் கிளம்பினான். அம்மா வாசல் வரை போனாள். அப்பா பிரஸ்ஸில் நின்று ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேர். அப்பா ஜெபம் செய்தார், அண்ணன் பெயரைச் சொல்லிச் செய்தார், நிறுத்தினார். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட இடம் காலியாகிவிட்டதே என்று நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை உயர்ந்தது.

"அது அண்ணன் வேலைம்மா," என்றார். "அவன் வந்து சொல்லட்டும்."

அன்று ஆமென் இல்லாமலே தட்டில் கை வைத்தோம். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் சரி. வருடக் கணக்கில் அப்படியே போனது. அண்ணன் ஊரிலிருந்து அம்மாவோடு மட்டும் போனில் பேசுவான், உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்பதோடு சரி. இந்த ஆமென் விஷயத்தை அவனிடம் சொல்லக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "கூப்பிட்டு வரவைக்கிற ஆமென் எனக்கு வேண்டாம்."

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அப்பா ஜெபம் செய்தார். நர்ஸம்மா மாத்திரையோடு மரியாதையாகத் தலை குனிந்து நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். "முடிஞ்சுதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "இன்னும் முடியல, நீங்க மாத்திரையக் குடுங்க," என்றாள் அம்மா.

பாய்லரைப் பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் என்னையும் பார்த்துவிட்டுப் போய், பிறகு முறைப்படி பெண் கேட்டு வந்து, எங்களோடேயே தங்கிவிட்டார். கல்யாணத்துக்கும் அண்ணன் வரவில்லை. கல்யாணமாகி முதல் நாள் சாயங்காலம் ஜெபத்தில் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. நாங்கள் பாதி சாப்பிட்டுவிட்டோம். "மாப்பிள்ள தூங்கிட்டாரா?" என்று அம்மா கேட்ட பிறகுதான் விழித்தார். அத்தை ஒருத்தி வரும்போதெல்லாம் கிண்டல் செய்வாள்: "உங்க வீட்டு போன கீழ வைக்கவே மாட்டீங்க. கடவுள் வேற யாருகூடயும் பேச வேண்டாமா?" அப்பா சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் காயத்துக்குக் கட்டுப் போட்டவள் நான். அண்ணன் விட்டுப்போன பிரஸ்ஸில் நின்று கையைச் சுட்டுக்கொண்டவள் நான். பள்ளிக்கூடச் சீருடைகளும் ஆஸ்பத்திரிக் கோட்டுகளும் வர ஆரம்பித்து, இரண்டாவது பாய்லர் மறுபடி எரிந்து, தரை முழுவதும் சூடான அன்றைக்குக்கூட அப்பா கையைத் தூக்கித்தான் என்னை நிறுத்தினார். அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"இருக்கிறவ ஒருத்தி கண்ணுக்குத் தெரியலையாப்பா? ஒரு ஆமென் சொல்ல எனக்கு என்ன குறைச்சல்?"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "ஆமென்னா அப்படியே ஆகட்டும்னு அர்த்தம்," என்றார். "அவன் இல்லாத வீட்டப் பாத்து அப்படியே ஆகட்டும்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்? ஆண்டவர்கிட்ட பேச்ச முடிக்காம வெச்சிருக்கேன். முடிக்காத வரைக்கும் அவரும் எழுந்து போக மாட்டாரு."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் போகவில்லை. அவருடைய நம்பிக்கை அவருக்கு. அண்ணன் வரமாட்டான் என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன்.

பிறகு ஒரு காலையில் அப்பா கடை மேசைக்குப் பின்னால் சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு அழைத்து வந்து, பாய்லருக்கு நேர் மேலே அந்தச் சூடான மூலையில் கட்டிலைப் போட்டோம். சாயங்காலம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் நிறைந்தது. ஆமென் இல்லாத வீட்டில் இப்போது ஜெபமும் இல்லை.

நான் கீழே இறங்கிப் போய் அண்ணனுக்குப் போன் செய்தேன். ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவன் குரலைக் கேட்டதும் எல்லாம் கொட்டிவிட்டது.

"அப்பாவுக்குப் பேச்சு போயிடுச்சு. நீ நல்லா இரு. உன் ஒரு ஆமெனுக்காக இத்தன வருஷமா இந்த வீட்டுல ஜெபம் முடியாமலே கிடக்கு, தெரியுமா உனக்கு? என்னைய ஒரு நாள்கூட சொல்ல விட்டதில்ல. நீ வந்துதான் சொல்லணுமாம்."

போனை வைத்துவிட்டானோ என்று நினைத்தேன்.

"இன்னுமா?" என்றான். "அது எப்பவோ உனக்குக் குடுத்திருப்பாங்கன்னு நினைச்சேனே. எனக்கு அங்க இடமே இல்லன்னு நினைச்சுட்டேன்."

மறுநாள் சாயங்காலம் அதே மாதிரி ஒரு பையோடு வந்தான். தலை நரைத்திருந்தது. படியேறும்போது, சின்ன வயதில் செய்கிற மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையின் சூட்டைக் காலால் தொட்டுப் பார்த்தான். அப்பா அவனைப் பார்த்தார். அவன் கட்டிலருகே முழங்காலில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

"ஜெபம் பண்ணுடா," என்றாள் அம்மா.

"எனக்கு ஆமென் மட்டும்தாம்மா தெரியும்."

"அதுக்கு முன்னாடி நாலு வார்த்த சொல்லு. எல்லாம் வரும்."

அண்ணன் கண்ணை மூடினான். "ஆண்டவரே," என்றான். வெகுநேரம் தடுமாறினான். "அப்பாவப் பாத்துக்கோங்க. அம்மாவ, தங்கச்சிய, மாப்பிள்ளைய. கீழ இருக்கிற பாய்லர. துணி குடுத்துட்டு மறந்து போனவங்கள." கொஞ்சம் நிறுத்தினான். "அந்த ஹோட்டல்காரங்களையும் அவங்க மெஷினையும் ஆசீர்வதியும்."

"அந்த ஹோட்டல மூடி ரொம்ப நாளாச்சுடா," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"எங்க இருந்தாலும் ஆசீர்வதியும்," என்றான் அண்ணன்.

பாய்லர் சத்தம் மட்டும் கேட்டது. அவன் சொல்வான் என்று காத்திருந்தோம். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். என் கண் எப்போதும்போல் திறந்துதான் இருந்தது.

"நீ சொல்லு," என்றான். "இங்க இருந்தவ நீதான."

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் இடது கை உயர்ந்தது. பழக்கம், வாயை மூடிக்கொண்டேன். இப்போதுமா அப்பா என்று தொண்டை வரை வந்துவிட்டது. அந்தக் கை இறங்கி, எனக்கு முன்னால் இருந்த கட்டில் சட்டத்தில் விழுந்தது. ஒரு விரல் மெதுவாக இரண்டு முறை தட்டியது.

ஆமென் என்றேன். பாதியிலேயே குரல் கம்மிவிட்டது, அண்ணன் கூடச் சேர்ந்து முடித்தான். அப்பாவின் உதடும் அசைந்தது. சத்தம் வரவில்லை, மறுபடியும் அசைத்துப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க," என்று அம்மா அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். "உங்க புள்ளைக்கும் லேட்டாத்தான பேச்சு வந்துச்சு. முதல்ல இந்த வார்த்ததான் வந்துச்சு." பிறகு சாப்பாடு எடுத்து வைக்க எழுந்து போனாள்.