நாணலுக்குள் இருந்து வந்த பாட்டு

அது இலையுதிர்காலத்தின் கடைசி வாரமா, குளிர் தொடங்கிவிட்டிருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. சொன்னவளே இரண்டு முறை இரண்டு விதமாகச் சொன்னாள். ஒரு முறை பனி மூடியிருந்தது, மறுமுறை வெயில் அடித்தது. அந்த இரண்டு ஆண்களைப் பற்றி மட்டும் ஒரு சொல்கூட மாறவில்லை.

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள் அவள். வேலைக்குப் போகும் வழியில், நீரேற்று நிலையத்தின் பின்புறம், நாணலோரச் சேற்றில் நீலத்தொண்டைக் குருவி ஒன்று இரை கொத்துவதைப் பார்த்தாள். எங்கிருந்தோ பறந்து வந்த களைப்பு அதன் நடையிலேயே தெரிந்தது. குளிர் முடியும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இரவுச் சாப்பாட்டில் இடத்தோடு சொல்லித் தொலைத்தாள். கணவனும் இருந்தான், பல் டாக்டரான அவள் அண்ணனும் வந்திருந்தான்.

இருவரும் பறவைப் படம் எடுப்பவர்கள். அதாவது, கையளவுக் குருவிக்குக் கை நீள லென்ஸ் வாங்கியவர்கள். போன குளிர்காலத்தில் வந்த ஆந்தையை, ஆந்தைக் குரலையே கைப்பேசியில் ஓயாமல் போட்டு விரட்டியடித்தவர்கள். இன்னொரு ஆந்தை தன் இடத்துக்குப் போட்டியாக வந்துவிட்டதென்று அது நினைத்திருக்கும், பாவம்.

"மாப்ள, அவசரப்பட வேணாம். ஞாயித்துக்கிழமை சேர்ந்தே போவோம்," என்றான் அண்ணன்.

"நீங்க இல்லாம நான் போவேனா மச்சான்? சனிக்கிழமை எப்படியும் வீட்டுல பெயின்ட் வேலை இருக்கு."

சனிக்கிழமை விடிந்ததும் கணவன் அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினான். குருவி நின்ற சரியான இடத்தைக் காட்ட ஆள் வேண்டுமே! உடம்பெல்லாம் இலை அச்சடித்த சட்டையில், நடக்கத் தெரிந்த வேலி போல இருந்தான்.

நாணலோரம் குப்புறப் படுத்துக் குருவியின் பாட்டைக் கைப்பேசியில் போட்டான். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் பாட்டு வந்தது.

"கேட்டியா? சண்டைக்கு வருது!"

"இந்தக் குளிர்ல அது இப்படி நீட்டிப் பாடாதுங்க."

"உனக்கு ரொம்பத் தெரியும். சும்மா இரு."

அவள் பையோடும் ஃபிளாஸ்கோடும் தள்ளி நின்றாள். இவன் சத்தத்தைக் கூட்டினான்; அதுவும் கூட்டியது. இவன் முழங்கையால் ஊர்ந்தான். பாதிப் பாட்டில் அந்தக் குருவி நின்றது. கைப்பேசி மணி அடித்தது.

"ஹலோ... சொல்லும்மா. கிளினிக்லதான் இருக்கேன்," என்றது குருவி.

நாணல் விலகியது. இரண்டு லென்ஸுகளும் மூக்கோடு மூக்கு நின்றன.

"என்ன மச்சான், இதுதான் உங்க கிளினிக்கா? யாருக்குப் பல் பிடுங்குறீங்க, தவளைக்கா?"

"வீட்டுல பெயின்ட்னு சொன்னியே மாப்ள, சேத்தை எடுத்து மூஞ்சில அடிச்சுக்கிட்டிருக்க?"

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அசையவில்லை. அவள் செருப்புக்கு இரண்டடி தள்ளி, வாலை நிமிர்த்திக்கொண்டு, உண்மையான குருவி வெளியே வந்து ஒரு புழுவை இழுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் இருவரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முதலில் பொய் சொன்னது யார் என்று வாதாடினார்கள்.

புழுவோடு அது நாணல் தூருக்குள் நழுவிய பிறகுதான் கணவன் திரும்பினான்.

"நீயாவது பார்த்தியா?"

இத்தனை வருடம் இவர்களுக்குப் பையும் ஃபிளாஸ்கும் சுமந்தவள், இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது அப்பவே போயிடுச்சு. நீங்க ரெண்டு பேரும் போட்ட கூச்சலுக்கு இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்காது."

"எல்லாம் உங்களாலதான் மச்சான்!" "உன்னாலதான் மாப்ள!" இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

மைத்துனர்கள் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை, பிறகு பேசினார்கள். அண்ணன் கேமராவை விற்றுவிட்டு மீன்தொட்டி வாங்கினான். கணவன் நிலாவைப் படம் எடுக்கத் தொடங்கினான். அது பறந்து போகாது. அவள் தினமும் நாணலோரம் கொஞ்சம் நின்றுவிட்டு வேலைக்குப் போனாள். குருவி குளிர் முடியும்வரை அங்கேயே இருந்தது, பிறகு வடக்கே போய்விட்டது.