டோரீன் வீட்டு வயரிங்

மகன் மேல் கோபம் வந்தால் டோரீன் சத்தம் போட மாட்டாள். டீ போடுவாள், அவனுக்கு மட்டும் கோப்பை வைக்க மாட்டாள். அன்று மேசையில் இரண்டே கோப்பைகள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று வயரிங்கைச் சோதிக்க வந்த பிரையனிக்கு.

பிரையனியை வரவழைத்ததே மகன் டேரன்தான். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டை விற்றுவிட்டு அம்மாவை முதியோர் குடியிருப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று அவன் கரையாய்க் கரைத்துப் பார்த்தான். அவள் மசியவில்லை. கடைசியில் அவனுக்கு வசமாகக் கிடைத்தது வயரிங்.

"அம்மா, விதியெல்லாம் மாறிடுச்சு. மாடிப்படிக்குக் கீழ இருக்கிற ஃபியூஸ் பெட்டி இனிமே செல்லாது. நீ இந்த வீட்ல இருக்கறதே குத்தம்."

"குத்தம்னா போலீஸைக் கூட்டிட்டு வா. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. பிரையனி சுவிட்சுகளைக் கழற்றிப் பார்த்து, கருவியை வைத்து அளக்க அளக்க, டோரீன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் ஆபத்து என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், டேரன் மறுநாளே பெட்டி படுக்கையைக் கட்டிவிடுவான். அவனோ பின்னாலேயே போய், "அதைப் பாருங்க, இதைப் பாருங்க" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பிரையனி முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"புது விதி புது வேலைக்குத்தாங்க. பழைய வயரிங் அந்தக் காலத்து விதிப்படி இருந்து, இன்னிக்கும் ஆபத்தில்லாம இருந்தா, பிடுங்கிப் போடணும்னு கட்டாயமில்ல. உங்க வயரிங் நல்லாத்தான் இருக்கு. ஷாக் அடிச்சா சட்டுனு கரண்டை நிறுத்தற பெட்டியா மாத்தினா நல்லது, அவ்வளவுதான்."

"நல்லதுன்னா மாத்திடு கண்ணு. இன்னும் ரொம்ப நாள் இங்க இருக்கப் போறேன்."

டேரனின் முகம் சுருங்கியது.

"பின்னாடி ஷெட்டு மட்டும் பாக்கி," என்றாள் பிரையனி.

"அங்க ஒண்ணும் இல்லீங்க," என்றான் டேரன் அவசரமாக. அந்த அவசரத்தைப் பார்த்ததும் டோரீன் சாவியை எடுத்துக்கொண்டு தானே முன்னால் நடந்தாள்.

ஷெட்டில் டேரனின் பெரிய ஃபிரீசர் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குக் கரண்ட் வந்த வழிதான் விசேஷம். அடுப்பங்கரை ஜன்னல் இடுக்கில் கிளம்பிய சாதாரண ஒயர் ஈரப் புல்லுக்குள் ஓடி, நடுவில் டேப் சுற்றி ஒட்டுப் போட்டுக் கிடந்தது. டேப் பிரிந்து செம்பு பளபளத்தது. டோரீன் தினமும் துணி காயப்போடும் இடம் அது.

"யாருங்க இதைப் போட்டது?"

டேரன் வேலியைப் பார்த்தான்.

"இவன்தான். போன கோடையில," என்றாள் டோரீன்.

"மிதிச்சா உயிர் போயிடுமே! இது புது வேலை, புது விதிப்படிதான் செஞ்சிருக்கணும். நீங்க சரின்னா இப்பவே துண்டிச்சிடறேன்."

"துண்டிச்சிடு."

"அம்மா! உள்ளே மீன் இருக்கு! ஃபிரீசர் முழுக்க ஹாடக்!"

பிரையனி அடுப்பங்கரைக்குள் போய் ஒயரைக் கழற்றினாள். உறுமல் நின்றது. டோரீன் மகனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் அவன் பயமுறுத்தியதெல்லாம் நெஞ்சுக்குள் கொதித்தது.

"வீட்டைக் காலி பண்ணணும், காலி பண்ணணும்னு ஒத்தைக் கால்ல நின்னியே. இப்ப நீ ஷெட்டைக் காலி பண்ணுடா. மீன் உருகறதுக்குள்ள."